ஐந்தாவது அச்சம்: மாணவர்கள் எடுத்த ஓர் உளவியல் திகில் குறும்படம்

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று தமிழ்ப்பள்ளியில் பழமொழிப் பட்டியலோடு சேர்த்து மனனம் செய்தோம். பொருள் கேட்டால், பயந்தவனுக்கு எல்லாமே பயமாகத்தான் தெரியும் என்று ஒரே மூச்சில் ஒப்புவிப்போம். அதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை. பல ஆண்டுகள் கழித்து, ஒரு வாடகை வீட்டின் சிறிய அறையில், பின்னிரவு இரண்டு மணிக்குக் கேமராவுக்குப் பின்னால் நின்றபோதுதான் அந்தப் பழமொழி மறுபடி நினைவுக்கு வந்தது. பேய் இருக்கும் இடம் இருட்டு என்று அது சொல்லவில்லை. அரண்டவனின் கண் என்றுதான் சொல்கிறது.

கடந்த பருவ விடுமுறையில் எங்கள் தமிழ்மொழிக் கழக நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து எட்டு நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தோம். உளவியல் திகில் வகையைச் சேர்ந்த படம். எங்களில் ஒருவர்கூடத் திரைப்படக் கல்வி பயில்பவர் அல்லர். அந்த வகைப் படம் எப்படி வேலை செய்கிறது, அதை எடுக்கும்போது நாங்கள் கற்றது என்ன, செய்த பெரிய தவறு என்ன என்பதை அடுத்து எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

அச்சம் எங்கிருந்து வருகிறது?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அது பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார் தொல்காப்பியர். வருத்தும் தெய்வமாகிய அணங்கு ஒன்று, விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, தண்டிக்கும் ஆற்றலுள்ள தம் அரசன் ஒன்று. இன்றைய திரைப்படங்களையும் இந்த நான்கு பெட்டிகளில் ஏறக்குறைய அடுக்கிவிடலாம். பேய்ப் படங்கள் அணங்கில் அடங்கும். 1975-இல் வெளிவந்த ‘ஜாஸ்’ போன்ற படங்கள் விலங்கில் அடங்கும். குற்றப் படங்கள் கள்வரிலும் அரசியல் மர்மப் படங்கள் அரசனிலும் அடங்கும்.

தொல்காப்பியருக்குத் திருத்தம் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. ஆனால், இந்த நான்கும் இல்லாத அறையிலும் மனிதன் அஞ்சுகிறான். தன் நினைவை, தன் கண்ணை, தன் காதை நம்ப முடியாமல் போகும்போது வரும் அச்சம் அது. அதை ஐந்தாவதாக வைத்துக்கொண்டால், அந்த ஐந்தாவது அச்சத்தைக் காட்டும் படமே உளவியல் திகில்.

தமிழுக்கு இது புதிதன்று. 1954-இலேயே எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ படத்தைப் பாடல் ஒன்றுகூட இல்லாமல் எடுத்தார். கொலையுண்ட ஒருவனைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்ல, எதை நம்புவது என்று நாம் திகைப்போம். 1978-இல் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’, 1980-இல் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’, 2005-இல் ‘சந்திரமுகி’, ‘அந்நியன்’ என்று வரிசை நீள்கிறது. நாங்கள் இந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். எங்கள் தவறும் ஓரளவுக்கு அங்கிருந்துதான் வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எட்டுப் பக்கக் கதை

திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு. எங்கள் முதல் எழுத்துப்படி பதினேழு பக்கம் வந்தது. ஆறு பாத்திரங்கள், ஒரு கார் துரத்தல், ஒரு கனவுப் பாடல்கூட இருந்தது. எங்களிடம் இருந்ததோ 380 ரிங்கிட். பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே போய்விடும் என்று கணக்குப் பார்க்கும் நண்பன் சொன்னான். ஆகவே வெட்டினோம். துரத்தல் போயிற்று, பாடல் போயிற்று, நான்கு பாத்திரங்கள் போயின. மிஞ்சியது ஓர் அறை, ஒரு பெண், ஒரு பாதுகாவலர், தொலைபேசியில் ஓர் அம்மாவின் குரல். வெட்ட வெட்டத்தான் கதை தெளிந்தது.

கதை இதுதான். இறுதியாண்டு மாணவி ஒருத்தி ஆய்வேட்டை முடிப்பதற்காக விடுமுறையிலும் விடுதியில் தங்குகிறாள். அறைத்தோழி ஊருக்குப் போய்விட்டாள். தாழ்வாரத்தில் மற்ற அறைகள் எல்லாம் பூட்டியிருக்கின்றன. முதல் நாள் காலை, மேசையில் வைத்த தண்ணீர்ப் போத்தல் சன்னலோரத்தில் இருக்கிறது. இரண்டாம் நாள், தாழ்ப்பாள் போட்ட கதவு திறந்து கிடக்கிறது. மூன்றாம் நாள், சிதறிக் கிடந்த ஆய்வேட்டுத் தாள்கள் அழகாக அடுக்கப்பட்டிருக்கின்றன. யாரோ இரவில் உள்ளே வருகிறார்கள் என்று முடிவு செய்து, நான்காம் இரவு தலையணைக்கு அடியில் ஒரு கத்தரிக்கோலை வைத்துக்கொள்கிறாள். கைத்தொலைபேசியைப் புத்தக அலமாரியில் சாய்த்து, பதிவை ஓடவிட்டுத் தூங்குகிறாள். மறுநாள் பதிவைப் பார்க்கிறாள். 3 மணி 17 நிமிடத்துக்குப் படுக்கையிலிருந்து எழுபவள் அவளேதான்.

இடையிடையே ஒவ்வோர் இரவும் அம்மா அழைப்பார். “சாப்டியாமா?” என்பார். “சாப்டேம்மா” என்பாள். மேசையில் பிரிக்காத மேகிப் பொட்டலம் இருக்கும். நாளுக்கு நாள் பொட்டலங்கள் கூடும். எழுதியபோது இதை ஒரு சிறு நகைச்சுவையாகத்தான் சேர்த்தோம்.

அறை தேடிய கதை

விடுதிக் கதையென்றால் விடுதியில்தானே எடுக்க வேண்டும்? பெண்கள் விடுதிக்குள் ஆண்கள் நுழைய முடியாது. எங்கள் ஒளிப்பதிவாளனோ ஆண். விதி விதிதான். ஆகவே, வளாகத்துக்கு வெளியே ஒரு தாமானில் தோழிகள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் ஓர் அறையைக் காலி செய்து விடுதி அறையாக்கினோம். இரும்புக் கட்டில், நெகிழி வாளி, சுவரில் கால அட்டவணை, கதவில் ஓர் அறை எண். இவ்வளவு போதுமானதாக இருந்தது. பார்ப்பவர் எல்லாரும் விடுதி அறையில் வாழ்ந்தவர்கள். மீதியை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

ஒரே அறையில் எடுப்பதால் பணம் மிச்சமாகும் என்பதோடு இன்னொரு நன்மையும் உண்டு. அந்த அறையைப் பார்வையாளர் மனப்பாடம் செய்துவிடுவார். போத்தல் எங்கே இருக்கும், நாற்காலி எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று இரண்டே நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். அதன்பின் ஒரு பொருள் ஓரடி நகர்ந்தால் போதும், அவர் நிமிர்ந்து உட்காருவார்.

இரண்டாம் இரவு, “யாரது?” என்ற ஒரே சொல்லைப் பதினோராம் தடவை எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மக்சிக் கதவைத் தட்டிவிட்டார். யாருக்கு என்ன ஆபத்தோ என்று பதறி வந்தவர், மைலோ குடித்துவிட்டுப் போனார். இரவுப் படப்பிடிப்புக்கு முன்பே அண்டை வீடுகளுக்குச் சொல்லிவிடுங்கள் என்பது அதில் கற்ற பாடம்.

கேமரா யார் பக்கம்?

1920-ஆம் ஆண்டு வாக்கில் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். இவான் மொசூகின் என்ற நடிகரின் உணர்ச்சி காட்டாத முகம் ஒன்றை எடுத்து, அதனருகே ஒருமுறை சூப் கிண்ணத்தையும், ஒருமுறை சவப்பெட்டியில் கிடக்கும் குழந்தையையும், ஒருமுறை ஒரு பெண்ணையும் ஒட்டினார். முகம் மாறவே இல்லை. ஆனால், பார்த்தவர்கள் அதில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டார்கள். பொருளைக் கட்டமைப்பது அடுத்தடுத்து வைக்கப்படும் காட்சிகளே என்பது இதிலிருந்து தெரிகிறது.

இது எங்களுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. எங்கள் கதைநாயகி மேடை நாடகத்தில் நடித்தவள். பயம் என்றால் கண்ணை அகல விரிப்பாள். ஒன்றும் செய்யாமல் போத்தலை மட்டும் பார் என்று சொன்னோம். போத்தல், முகம், வெறும் மேசை, மறுபடி முகம். இந்த வரிசையிலேயே பயம் வந்துவிட்டது.

ஆனால், அந்த வரிசையில் இன்னொரு முடிவும் அடங்கியிருக்கிறது. அவள் பார்ப்பதை நாம் பார்க்கிறோமா, அல்லது அவளை நாம் பார்க்கிறோமா? முதல் வகையில் கேமரா அவள் பக்கத்தில் நிற்கிறது. அவள் குழம்பினால் நாமும் குழம்புகிறோம். இரண்டாம் வகையில் கேமரா அறையின் மூலையில் நின்று அவளை வேடிக்கை பார்க்கிறது. படம் எடுக்கும்போது இரண்டையும் கலந்து எடுத்தோம். எது அழகாக இருந்ததோ அதை வைத்துக்கொண்டோம். அந்தக் கலவையின் விலை பிறகுதான் தெரிந்தது.

தொழில்நுட்பக் குறிப்பு ஒன்று. முதல் இரவு எடுத்த காட்சிகளில் சுவரில் கறுப்புப் பட்டைகள் மெல்ல ஏறி இறங்கின. பேய் வந்துவிட்டது என்று சிரித்தோம்; பிறகு சிரிப்பு நின்றது, ஏனென்றால் அத்தனையும் வீண். மலேசியாவின் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. குழல் விளக்கு அதற்கேற்ப விநாடிக்கு 100 முறை கூடிக் குறைந்து ஒளிர்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாது; கேமராவுக்குத் தெரியும். நாங்கள் விநாடிக்கு 30 பிரேம், ஷட்டர் 1/60 என்று வைத்திருந்தோம். அதை 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று மாற்றியதும் ஒவ்வொரு பிரேமிலும் ஒளியின் சரியாக இரண்டு ஏற்ற இறக்கங்கள் விழுந்தன. பட்டைகள் மறைந்துவிட்டன.

முதலில் பயப்படுவது காது

கண்ணை மூடிக்கொள்ளலாம்; காதை அப்படி மூட முடியாது. 1960-இல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் காட்சி முக்கால் நிமிடம்தான் ஓடும். அதை எடுக்க ஏழு நாள் ஆனது. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் எண்ணியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்திக் கருவிகளை வைத்து இசையமைத்துக் காட்டியதும் மனம் மாறினார். இன்று அந்தப் படத்தைப் பார்க்காதவருக்கும் அந்தக் கீச்சொலி தெரியும்.

எங்களிடம் வயலின் இல்லை, மின்விசிறி இருந்தது. நடிக்கும்போது விசிறியை நிறுத்திவிட்டு வசனத்தைப் பதிவு செய்தோம். பிறகு விசிறியின் ஓசையைத் தனியாக ஐந்து நிமிடம் பதிவு செய்தோம். அதோடு, யாரும் பேசாமல் அசையாமல் நின்று அறையின் அமைதியையும் ஒரு நிமிடம் பதிவு செய்தோம். ஒவ்வோர் அறைக்கும் தனக்கென ஓர் அமைதி உண்டு. அதை அடியில் ஓடவிடாவிட்டால் காட்சி மாறும் இடமெல்லாம் ஒலி அறுபட்டது போலக் கேட்கும். படம் முழுக்க விசிறி ஓடுகிறது. அவள் போத்தலைக் கவனிக்கும் கணத்தில் அதன் ஓசையைப் பாதியாகக் குறைத்தோம். எந்தப் பார்வையாளரும் அதைக் கவனித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் எல்லாரும் இருக்கையில் நெளிந்தார்கள்.

ஒரு தங்கை சொன்னது

டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பில் படத்தைத் தொகுத்தோம். முதல் வடிவத்தின் முடிவு இப்படி இருந்தது. பதிவில் அவள் எழுகிறாள்; கத்தரிக்கோலை எடுக்கிறாள்; ஆய்வேட்டுத் தாள்களைக் கீற்றுக் கீற்றாக வெட்டுகிறாள்; கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவளுடைய பாதங்களில் செம்மண் ஒட்டியிருப்பது அப்போதுதான் தெரிகிறது. இரவில் வெளியே நடந்திருக்கிறாள். அடுத்த காட்சியில் பாதுகாவலர் இன்னொருவரிடம், அந்த அறைப் பெண்ணைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்கிறார். திரை இருள்கிறது, சிரிப்பு மட்டும் கேட்கிறது.

தஞ்சோங் ரம்புத்தான் பேராக் மாநிலத்தில் உள்ள ஊர். 1911-இல் அங்கே தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை இன்று பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை என்று அழைக்கப்படுகிறது. பஹாகியா என்றால் மலாய் மொழியில் மகிழ்ச்சி. ஆனால், நம் வாயில் அந்த ஊர்ப்பெயர் ஒரு வசைச்சொல். தமிழ்ப்பள்ளித் திடலிலும் சொன்னோம். இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் மலாய் நண்பர்களோடும் சீன நண்பர்களோடும் சேர்ந்தும் சொன்னோம். மூவினமும் ஒற்றுமையாகப் பயன்படுத்தும் கேலி அது. திரைக்கதையில் எழுதும்போது கை கூசவில்லை.

கழக அறையில் பன்னிரண்டு பேருக்குப் போட்டுக் காட்டினோம். கைதட்டல் கிடைத்தது. கடைசிச் சிரிப்பில் இரண்டு பேர் அலறினார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரும் போனபின் முதலாமாண்டு மாணவி ஒருத்தி நாற்காலிகளை அடுக்க உதவினாள். அடுக்கி முடித்துவிட்டுச் சொன்னாள்: “அக்கா, எங்கம்மா ரெண்டு வருசமா அங்கதான் மருந்து எடுக்குறாங்க. அவங்க இப்படிச் சிரிச்சதே இல்லக்கா.”

கோபமாகச் சொல்லவில்லை. படம் நன்றாக இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு தகவலைத் திருத்துவது போலச் சொன்னாள். அவள் அனுமதி தந்ததால்தான் இதை இங்கே எழுதுகிறேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதலில் எனக்கு வந்தது வெட்கமில்லை, எரிச்சல். இது கற்பனைதானே, இதற்கெல்லாம் வருத்தப்பட்டால் எப்படிப் படம் எடுப்பது என்று மனம் வாதாடியது. விடியும் நேரத்தில் அந்த வாதம் தானாகவே அடங்கிவிட்டது.

எங்கே தவறினோம்?

மறுநாள் உளவியல் துறையில் பயிலும் தோழியைப் படம் பார்க்க அழைத்தோம். அவள் பட்டியலிட்ட பிழைகள் இவை.

ஒன்று, தூக்கத்தில் நடப்பது ஒரு தூக்கக் கோளாறு. மனச்சிதைவு நோய் வேறு. ஒருவருக்குள் பல ஆளுமைகள் தோன்றும் நிலை வேறு. நாங்கள் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறி, பைத்தியம் என்று பெயர் வைத்திருந்தோம். இரண்டு, தூக்கத்தில் நடப்பது ஆழ்ந்த தூக்கத்தில் நிகழ்வது. பெரும்பாலும் இரவுத் தூக்கத்தின் முதல் மூன்றிலொரு பகுதியில் வரும். பதினொரு மணிக்குப் படுப்பவள் மூன்றே காலுக்கு எழுவது அவ்வளவாகப் பொருந்தாது. மூன்று, நடப்பவரின் கண்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். விழித்தபின் பெரும்பாலும் எதுவும் நினைவில் இருக்காது. நாங்களோ கண்ணை மூடி, கையை நீட்டி நடக்கவைத்துவிட்டு, கேமராவைக் கண்டதும் மட்டும் கண்ணைத் திறக்க வைத்திருந்தோம். நான்கு, தூக்கமின்மையும் மன அழுத்தமும் இதைத் தூண்டக்கூடியவை. அதாவது, எங்கள் கதைக்குத் தேவையான காரணம் கதைக்குள்ளேயே இருந்தது: ஆய்வேடு, பட்டினி, தனிமை. அதை விட்டுவிட்டுப் பைத்தியத்தைத் தேடிப் போயிருக்கிறோம்.

ஐந்தாவதாக அவள் சொன்னதுதான் முக்கியமானது. மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிட, பிறரால் தாக்கப்படுவதே அதிகம். ஆனால், நாம் பார்த்து வளர்ந்த படங்களில் மனம் பிறழ்ந்தவன் கையில் எப்போதும் ஒரு கத்தி இருக்கும். ‘சிகப்பு ரோஜாக்க’ளிலும் ‘மூடுபனி’யிலும் மனம் சிதைந்தவனே கொலைகாரன். அவை சிறந்த படங்கள்; அதில் ஐயமில்லை. அந்தப் பாத்திர வார்ப்பைக் கேள்வி கேட்காமல் நகல் எடுத்தது எங்கள் சோம்பல்.

இது வெறும் கலைச் சர்ச்சை அன்று. தற்கொலைக்கு முயல்வோரைத் தண்டிக்கும் 309-ஆம் சட்டப்பிரிவை நம் நாடாளுமன்றம் நீக்கியதே 2023-இல்தான். அதுவரை மனம் உடைந்து அந்த எல்லைக்குப் போய் உயிர் பிழைத்தவர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. சட்டம் மாறிவிட்டது, நம் கேலிச்சொல் மாறவில்லை. விடுதியில் ஒரு தோழிக்குத் தூக்கம் வராமல் போனால், காதில் யாரும் இல்லாத குரல் கேட்டால், அவள் யாரிடம் சொல்வாள்? சொன்னால் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்ற சிரிப்பு வரும் என்று தெரிந்தால் சொல்லவே மாட்டாள். எங்கள் எட்டு நிமிடம் அந்தச் சிரிப்பை இன்னும் கொஞ்சம் உரக்க ஒலித்தது.

மேசைக்கு அடியில் வெடிகுண்டு

அப்படியானால் திகிலை விட்டுவிட்டு விழிப்புணர்வுப் படம் எடுப்பதா என்று நண்பன் கேட்டான். வேண்டாம் என்று முடிவு செய்தோம். வழிகாட்டியது ஹிட்ச்காக் சொன்ன ஓர் எடுத்துக்காட்டு. பிரெஞ்சு இயக்குநர் துரூஃபோ அவரோடு நடத்திய நீண்ட உரையாடல் 1966-இல் நூலாக வந்தது. அதில் இந்த விளக்கம் உள்ளது: இருவர் மேசையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று அடியில் இருந்த குண்டு வெடிக்கிறது. பார்வையாளருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. அதையே மாற்றி, குண்டு இருப்பதைப் பார்வையாளருக்கு முன்பே காட்டிவிட்டால், அந்தச் சாதாரணப் பேச்சு முழுவதும் பதைபதைப்பு.

எங்கள் படத்தில் குண்டு எது? தலையணைக்கு அடியில் இருக்கும் கத்தரிக்கோல். தூக்கத்தில் நடக்கும் ஒருத்தி, அது தெரியாமல், தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கத்தரிக்கோலை அருகில் வைத்துத் தூங்குகிறாள். இதைவிடப் பெரிய குண்டு வேண்டுமா? ஆனால், முதல் வடிவத்தில் உண்மையைக் கடைசிவரை ஒளித்துவைத்து நாங்களே அந்தக் குண்டை வீணாக்கியிருந்தோம்.

ஆகவே, கடைசியில் இருந்த செம்மண் பாதக் காட்சியைத் தூக்கி நான்காம் நிமிடத்தில் வைத்தோம். காலையில் அவள் படுத்திருக்கிறாள். போர்வைக்கு வெளியே நீண்ட பாதத்தில் மண். அவள் பார்ப்பதற்குள் காட்சி மாறிவிடுகிறது. நாம் பார்த்துவிட்டோம், அவள் பார்க்கவில்லை. அதன்பின் அவள் கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் போடும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது. கத்தரிக்கோலைத் தலையணைக்கு அடியில் செருகும்போது, ‘வேண்டாம்’ என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்த ஒரே மாற்றத்தில் படத்தின் அச்சம் திசை திரும்பிவிட்டது. முன்பு பார்வையாளர் அவளைக் கண்டு பயந்தார். இப்போது அவளுக்காகப் பயந்தார். அந்தச் சிறு வேறுபாட்டில்தான் உளவியல் திகிலின் நேர்மை இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். கேமராவை எங்கே வைப்பது, எந்தத் தகவலை எப்போது தருவது என்பவை தொழில்நுட்பக் கேள்விகள் என்றுதான் தொடங்கினோம். துன்பப்படும் ஒருவரின் பக்கத்தில் நிற்கிறோமா, எதிரில் நின்று வேடிக்கை பார்க்கிறோமா என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருந்தது.

மூலையிலிருந்து எடுத்த காட்சிகளில் பாதியை நீக்கினோம். படுக்கும் நேரத்தை இரண்டு மணியாக்கினோம். பாதுகாவலரின் வசனத்தையும் சிரிப்பையும் எடுத்தெறிந்தோம். ஒரு மாலை மட்டும் மறுபடி கூடி, பதிவுக் காட்சியையும் முடிவையும் புதிதாக எடுத்தோம். பதிவில் தன்னையே கண்டபின் அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். கைத்தொலைபேசி ஒலிக்கிறது. அம்மா கேட்கிறார்: “சாப்டியாமா?” நீண்ட அமைதி. விசிறியின் ஓசை முற்றிலும் நிற்கிறது. “இல்லம்மா” என்கிறாள். அவ்வளவுதான், படம் முடிகிறது. நகைச்சுவைக்காகச் சேர்த்த மேகிப் பொட்டலங்கள்தான் கடைசியில் கதையைத் தாங்கி நின்றன.

கழக விழாவில் திரையிட்டபோது யாரும் அலறவில்லை. விளக்கு எரிந்தபின்னும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அந்த முதலாமாண்டுத் தங்கை என்ன சொல்வாளோ என்று காத்திருந்தேன். வந்தாள். “கடைசி வசனம் சரியா கேக்கலக்கா. சத்தத்தைக் கொஞ்சம் ஏத்துங்க” என்றாள். அதைவிட நல்ல விமர்சனம் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. ஏற்றிவிட்டோம்.

அடுத்து எடுப்பவர்களுக்கு

நண்பர்களே, உங்களிடம் நல்ல கேமரா இல்லையே என்று தயங்காதீர்கள், கைத்தொலைபேசி போதும். எட்டுப் பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். ஓர் அறையை எடுத்துக்கொண்டு அதைப் பார்வையாளருக்கு மனப்பாடமாக்குங்கள். ஒலிக்கென்று ஒருவரைத் தனியாக நியமியுங்கள். கத்தி, கத்தரிக்கோல் வரும் காட்சிகளுக்கு முனை மழுங்கிய சிறுவர் கத்தரிக்கோலையே பயன்படுத்துங்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். மனநோய் பற்றி எழுதினால், அத்துறை அறிந்த ஒருவரிடம் எழுத்துப்படியைக் காட்டுங்கள். படம் முடிந்தபின் காட்டுவதைவிட அது மலிவு.

முதல் திரையிடலில் கைதட்டுபவர்களை மட்டும் பார்க்காதீர்கள். கடைசியில் நாற்காலி அடுக்க நிற்பவர் யாரென்றும் திரும்பிப் பாருங்கள். அவரிடம் சொல்வதற்கு ஏதாவது இருக்கலாம்.